ஹாசிமாராவில் மிக்-27 போய் ரஃபேல் வந்த கதை: ஒரு நாடு தன் போர் விமானங்களை எப்படி மாற்றுகிறது?

கொல்கத்தாவின் சியால்தா ஸ்டேஷனில் இரவு காஞ்சன் கன்யா எக்ஸ்பிரஸில் ஏறினால், மறுநாள் முற்பகலில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஹாசிமாரா என்ற சின்ன ஊர் வரும். பூட்டான் எல்லைக்கு மிகப் பக்கம். இறங்குபவர்களில் பாதிப் பேர் சுற்றுலாப் பயணிகள். மீதிப் பேரில் பலர் சீருடைக்காரர்கள் அல்லது அவர்களின் குடும்பத்தினர். காரணம், ஊரை ஒட்டி இருக்கும் விமானப்படைத் தளம்.

2017-ல் இந்தத் தளத்தில் இருந்தவை மிக்-27. சோவியத் காலத்து வடிவமைப்பு. அந்த ஆண்டு ஜூனில் இங்கிருந்து வடக்கே டோக்லாமில் இந்திய, சீனப் படைகள் நேருக்கு நேர் நின்றன. ஆகஸ்ட் இறுதியில்தான் விலகின. அதே ஆண்டு இறுதியில் ஹாசிமாராவின் மிக்-27 விமானங்கள் வயதாகி விடைபெற்றன. அடுத்த நிரந்தரப் போர் விமானப் பிரிவு, 101-வது ஸ்குவாட்ரனின் ரஃபேல், முறைப்படி இங்கே சேர்ந்தது 2021 ஜூலை 28 அன்று.

நடுவில் மூன்றரை ஆண்டுகள். "பழசு போச்சு, புதுசு வந்துச்சு" என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம்தான். ஆனா அந்த ரஃபேலுக்கான டெண்டர் வெளியானது எப்போது தெரியுமா? 2007-ல்.

ஒரு போர் விமானம் வாங்க ஏன் இவ்வளவு காலம் ஆகிறது? ஒரே விமானத்துக்கு ஏன் பத்துப் பெயர்? விலையை ஏன் யாரும் நேராகச் சொல்ல மாட்டேங்கிறாங்க? மற்ற நாடுகள் எப்படிச் சமாளிக்கின்றன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏன் மேற்கு வங்கத்தில் இருந்து ஆரம்பிக்கணும்?

இந்தியாவின் வான்படைத் தேவைகள் எல்லாம் சந்திக்கும் இடம் இது. ஒரு பக்கம் வங்கதேசம். வடக்கே பூட்டான், அதற்கு அப்பால் திபெத். நடுவில், வடகிழக்கு மாநிலங்களை மற்ற பகுதிகளோடு இணைக்கும் சிலிகுரி பாதை. மிகக் குறுகிய இடத்தில் சுமார் 22 கிலோமீட்டர்தான் அகலம். 'சிக்கன்ஸ் நெக்' என்று செய்திகளில் வருவது இதுதான்.

கிழக்குப் பகுதிக்கான விமானப்படை அமைப்பு பிறந்ததே கொல்கத்தாவில்தான். 1958-ல் ரானி குடீரில் தொடங்கிய அது, பிறகு கிழக்கு விமானப்படைக் கட்டளையகமாக வளர்ந்து ஷில்லாங்குக்கு இடம்பெயர்ந்தது. அதற்கும் முன்பு, இரண்டாம் உலகப் போரின்போது, மைதானத்தை ஒட்டிய ரெட் ரோடு போர் விமானங்களின் ஓடுபாதையாகவே பயன்பட்டது.

மாநிலத்தின் முக்கியத் தளங்களைப் பார்த்தால், வடக்கே ஹாசிமாராவில் ரஃபேல். பானாகரில் சி-130ஜே சூப்பர் ஹெர்குலிஸ் என்ற சரக்கு விமானங்கள். காரக்பூர் பக்கத்தில் கலைகுண்டா, போர் விமானிகளின் பயிற்சிக்கும் வெளிநாட்டுப் படைகளுடனான கூட்டுப் பயிற்சிக்கும் பேர் போனது. ஐஐடி காரக்பூரில் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், கலைகுண்டா பெயரைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியிருக்காது.

1971, டம்டம்: விமானம் வாங்குவது பற்றி ஒரு பழைய பாடம்

இன்று நாம் கொல்கத்தா ஃபிளைட் பிடிக்கும் டம்டம் விமான நிலையத்தில் 1971 நவம்பரில் 22-வது ஸ்குவாட்ரனின் 'நாட்' விமானங்கள் தயார் நிலையில் இருந்தன. நவம்பர் 22 அன்று, எல்லையில் உள்ள போய்ரா பகுதியில் பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் தாக்குதல் நடத்த வந்தன. முறைப்படி போர் தொடங்க இன்னும் பதினோரு நாள் இருந்தது. நான்கு நாட்கள் எழுந்து போய் மோதின. மூன்று சேபர்களையும் வீழ்த்தியதாக இந்தியா அறிவித்தது. ஒன்று சேதத்தோடு டாக்கா திரும்பியது பின்னர் தெரியவந்தது. பாராசூட்டில் குதித்துப் பிடிபட்ட பாகிஸ்தான் விமானிகளில் ஒருவரான பர்வேஸ் மெஹ்தி குரேஷி, பிற்காலத்தில் அந்நாட்டு விமானப்படைத் தளபதியே ஆனார்.

வீரக் கதை இருக்கட்டும். அந்த இரண்டு விமானங்களும் அங்கே எப்படி வந்தன என்று பாருங்கள்.

நாட், பிரிட்டனின் ஃபாலண்ட் நிறுவனம் வடிவமைத்தது. பிரிட்டிஷ் விமானப்படையே அதைப் போர் விமானமாக வாங்கவில்லை. பயிற்சி விமானமாக மட்டும் எடுத்துக்கொண்டது. ஃபின்லாந்தும் யூகோஸ்லாவியாவும் சிறிய எண்ணிக்கையில் வாங்கிப் பார்த்தன. இந்தியா மட்டும்தான் பெரிய அளவில் எடுத்தது, உரிமம் பெற்று பெங்களூரு எச்ஏஎல்-லில் தயாரிக்கவும் செய்தது. பிறகு அதையே மேம்படுத்தி 'அஜீத்' என்று பெயர் வைத்தது. விலை குறைவு, அளவு சிறிது, நம்ம ஊரிலேயே தயாரிக்கலாம். அன்றைய இந்தியாவுக்கு அது பொருந்தியது.

எதிர்ப்பக்கம்? சேபர் ஓர் அமெரிக்க வடிவமைப்பு. 1965 போருக்குப் பிறகு அமெரிக்கா ஆயுதத் தடை போட்டதால் பாகிஸ்தானால் நேரடியாக வாங்க முடியவில்லை. அதனால், கனடாவில் தயாரித்து மேற்கு ஜெர்மனி பயன்படுத்தி முடித்த 90 சேபர்களை 1966-ல் ஈரான் வழியாகக் கொண்டுவந்தது.

ஆக, டம்டமுக்குப் பக்கத்து வானில் மோதியவை, தாய்நாட்டு விமானப்படை வேண்டாம் என்ற ஒரு போர் விமானமும், நான்கு நாட்டுக் கை மாறி வந்த இன்னொரு போர் விமானமும். விமானத்தின் தரம் ஒரு பக்கம் இருக்க, யார் தருவார், எவ்வளவு காலத்துக்குத் தருவார், உதிரி பாகத்துக்கு யாரிடம் கை ஏந்த வேண்டும் என்பவையும் அதே அளவு முக்கியம். ஐம்பது ஆண்டு கடந்தும் இது மாறவில்லை.

போய்ராவில் சண்டையிட்ட அதே 22-வது ஸ்குவாட்ரன் பிற்காலத்தில் எங்கே இருந்தது தெரியுமா? ஹாசிமாராவில், மிக்-27 ஓட்டிக்கொண்டு.

'வேரியன்ட்'னா என்ன?

ஒரே மாடல் காரில் பெட்ரோல், டீசல், டாப் எண்ட் என்று இருப்பது மாதிரிதான். ஆனால் வித்தியாசங்கள் இங்கே உயிர் சம்பந்தப்பட்டவை. மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வகை, வேலைக்கு ஏற்ப மாறுவது. மிக்-23 வானில் எதிரி விமானத்தோடு மோதும் விமானம். அதன் உடலை எடுத்து, மூக்கைச் சரித்து, தரைத் தாக்குதலுக்கு ஏற்ப மாற்றினால் மிக்-27. இந்தியா அதை எச்ஏஎல் நாசிக் ஆலையில் உரிமம் பெற்றுத் தயாரித்து 'பகதூர்' என்று பெயரிட்டது. ரஃபேலிலும் இதைப் பார்க்கலாம். 'சி' ஒற்றை இருக்கை, 'பி' இரட்டை இருக்கை, 'எம்' விமானம் தாங்கிக் கப்பலில் இருந்து இயங்குவது. கப்பலில் இறங்கும்போது கொக்கி போட்டு இழுத்து நிறுத்துவார்கள் என்பதால், அதன் கால்களும் உடற்கட்டும் கூடுதல் வலுவோடு இருக்க வேண்டும்.

இரண்டாவது, வாங்கும் நாட்டுக்கு ஏற்ப மாறுவது. சுகோய்-30 ரஷ்யாவுடையது. இந்தியாவுக்கு எம்கேஐ, சீனாவுக்கு எம்கேகே, மலேசியாவுக்கு எம்கேஎம். இந்திய வடிவத்தில் ரஷ்ய உடலுக்குள் இஸ்ரேல், பிரான்ஸ், இந்திய மின்னணுக் கருவிகள் உட்கார்ந்திருக்கின்றன. ரஃபேலிலும் 'இந்தியாவுக்கான பிரத்யேக மேம்பாடுகள்' என்று 13 மாற்றங்கள் கேட்டு வாங்கப்பட்டன.

மூன்றாவது, காலத்துக்கு ஏற்ப மாறுவது. மிக்-21 இந்தியாவுக்கு 1963-ல் வந்தது. கடைசியில் ஓய்வு பெற்றது 'பைசன்' என்ற மேம்பட்ட வடிவம். வெளியே பார்க்க அதே விமானம். உள்ளே ரேடாரும் ஏவுகணையும் வேறு. தேஜஸிலும் மார்க்-1, மார்க்-1ஏ, மார்க்-2 என்று வரிசை இருக்கிறது. இதில் மார்க்-2 கிட்டத்தட்ட வேறு விமானம், என்ஜினே பெரியது.

சரி, இதெல்லாம் நமக்கு எதுக்கு? "அந்த நாடு இதைவிடக் குறைந்த விலைக்கு வாங்கியிருக்கே" என்று யாராவது ஒப்பிட்டால், முதலில் கேட்க வேண்டியது அது அதே வேரியன்ட்தானா என்பதுதான்.

வாங்குவது எப்படி நடக்குது?

இந்தியாவில் நடைமுறை ஏறக்குறைய இப்படிப் போகும். விமானப்படை முதலில் தன் தேவையை எழுதுகிறது: எவ்வளவு தூரம் பறக்கணும், என்ன சுமக்கணும், எந்த உயரத்தில் இயங்கணும். பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான பாதுகாப்புக் கொள்முதல் குழு "ஆமாம், இது தேவைதான்" என்று ஏற்க வேண்டும். 'கொள்முதலுக்கு ஒப்புதல்' என்று தலைப்புச் செய்தியில் வருவது பெரும்பாலும் இந்தக் கட்டம்தான். விமானம் வாங்கியாச்சு என்று அர்த்தம் இல்லை, வாங்கலாம் என்று ஆரம்பித்திருக்கிறார்கள், அவ்வளவே.

அதன்பிறகு நிறுவனங்களிடம் விலைப்புள்ளி கேட்பது, தொழில்நுட்ப மதிப்பீடு, பறக்கவிட்டுச் சோதனை, குறைந்த விலை யாருடையது என்ற கணக்கு, பேரம். எல்லாம் முடிந்து பிரதமர் தலைமையிலான பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்தால்தான் கையெழுத்து. கையெழுத்துக்குப் பிறகும் முதல் விமானம் வர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகலாம்.

இந்தப் பாதையைத் தவிர வேறு வழிகளும் உண்டு. இரண்டு அரசுகள் நேரடியாகப் பேசி முடிப்பது ஒன்று. 36 ரஃபேல் அப்படி வந்தவை. அமெரிக்க அரசே இடையில் நின்று விற்கும் முறை இன்னொன்று. பானாகரின் சி-130ஜே அப்படி வந்தது. உரிமம் பெற்று உள்நாட்டில் தயாரிப்பது மூன்றாவது; சுகோய் அப்படி. கடைசியாக, நாமே வடிவமைப்பது, அதுதான் தேஜஸ்.

2007-ல் கேட்டது, 2021-ல் வந்தது

இப்போது ஹாசிமாரா ரஃபேலின் பயணத்தைப் பார்ப்போம்.

2007 ஆகஸ்ட்: 126 விமானங்களுக்கு டெண்டர். ரஃபேல், யூரோஃபைட்டர் டைஃபூன், கிரிப்பன், எஃப்-16, எஃப்/ஏ-18 சூப்பர் ஹார்னெட், மிக்-35 என ஆறு விமானங்கள் போட்டியிட்டன. லடாக்கின் குளிரிலும் ராஜஸ்தானின் வெயிலிலும் சோதனைகள்.

2011 ஏப்ரல்: ரஃபேலும் டைஃபூனும் மட்டும் இறுதிச் சுற்றில்.

2012 ஜனவரி: ரஃபேல் தேர்வு. 18 விமானங்கள் நேராகப் பிரான்ஸில் இருந்து, மீதி 108 எச்ஏஎல்-லில் தயாரிப்பது என்பது திட்டம். இங்கேதான் சிக்கல். எச்ஏஎல் தயாரிக்கும் விமானங்களுக்கு யார் பொறுப்பு, அதற்கு எவ்வளவு மனித உழைப்பு நேரம் ஆகும், அது விலையை எங்கே கொண்டுபோகும் என்ற கேள்விகளில் பேச்சுவார்த்தை மூன்று ஆண்டுகள் நின்றது.

2015 ஏப்ரல்: பாரிஸ் சென்ற பிரதமர் மோடி, பறக்கத் தயாரான 36 ரஃபேல்களை நேரடியாக வாங்குவதாக அறிவித்தார். 126 பேருக்குச் சமைக்கச் சொன்ன இடத்தில் 36 பேருக்குப் பார்சல் வாங்கிய மாதிரி.

2016 செப்டம்பர் 23: ஒப்பந்தம் கையெழுத்தானது. மதிப்பு சுமார் 7.87 பில்லியன் யூரோ. ரூபாயில் ஏறக்குறைய 59,000 கோடி.

2020 ஜூலை 29: முதல் ஐந்து விமானங்கள் அம்பாலாவில் இறங்கின. 2021 ஜூலையில் இரண்டாவது ஸ்குவாட்ரன் ஹாசிமாராவில். 2022 டிசம்பரில் 36-வது விமானமும் வந்து சேர்ந்தது.

இந்த ஒப்பந்தம் பெரிய அரசியல் சர்ச்சையானது உங்களுக்கு நினைவிருக்கும். விசாரணை கேட்ட மனுக்களை உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் தள்ளுபடி செய்தது, மறுசீராய்வு மனுக்களையும் 2019 நவம்பரில் தள்ளுபடி செய்தது. 2019 பிப்ரவரியில் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, பழைய டெண்டர் விலையோடு ஒப்பிட்டால் புதிய ஒப்பந்தம் 2.86 சதவீதம் குறைவு என்றது. ஆனால் விலை விவரங்கள் மறைக்கப்பட்டே அந்த அறிக்கை வெளியானதால், விவாதம் அத்தோடு முடியவில்லை.

ஒரு விமானத்தோட விலை எவ்வளவுதான்?

59,000 கோடியை 36-ஆல் வகுத்தால் ஒரு விமானத்துக்கு சுமார் 1,640 கோடி வரும். பல செய்திகளில் இதைத்தான் பார்த்திருப்பீர்கள். கணக்கு சரி, அர்த்தம் தப்பு. அந்தத் தொகையில் விமானம் மட்டும் இல்லை. ஏவுகணைகள், இந்தியாவுக்கான மாற்றங்கள், உதிரி பாகங்கள், பராமரிப்பு ஒப்பந்தம், பயிற்சி, சிமுலேட்டர், இரண்டு தளங்களில் செய்ய வேண்டிய வசதிகள் எல்லாம் சேர்ந்தது.

இதையே கடற்படைக்கு வாங்கிய ரஃபேல்-எம் ஒப்பந்தத்தில் செய்தால் இன்னும் குழப்பம் வரும். 2025 ஏப்ரல் 28-ல் கையெழுத்தான அந்த ஒப்பந்தம் 26 விமானங்களுக்கு, சுமார் 63,000 கோடி. வகுத்தால் ஒன்றுக்கு 2,400 கோடிக்கும் மேல். "அய்யோ, ஒன்பது வருஷத்துல இவ்வளவு ஏறிடுச்சா?" என்று தோன்றும். ஆனால் அந்தப் பொதியில் ஆயுதங்கள், பயிற்சி, பராமரிப்போடு, விமானப்படையிடம் ஏற்கெனவே உள்ள ரஃபேல்களுக்கான கூடுதல் கருவிகளும் அடக்கம்.

அதனால் ஒரு எளிய பழக்கம் வைத்துக்கொள்ளலாம். ஒரு ஒப்பந்தத் தொகையைப் பார்த்ததும் எண்ணிக்கையால் வகுக்காமல், "இதுக்குள்ள என்னென்ன இருக்கு?" என்று கேட்பது. புது பைக்கின் ஷோரூம் விலையையும் ஆன்-ரோடு விலையையும் நாம் குழப்பிக்கொள்வதில்லையே.

பழசை எப்போ அனுப்பணும்?

இதுதான் உண்மையில் வலிக்கும் கேள்வி.

தேஜஸ் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 1983-ல். நோக்கம், மிக்-21-க்கு மாற்று. முதன்முதலில் பறந்தது 2001 ஜனவரி 4-ல். முதல் ஸ்குவாட்ரன் உருவானது 2016 ஜூலையில். அதுவரை யார் பறந்தது? மிக்-21 தான். வயதான விமானத்துக்கு ஆயுள் நீட்டிப்பு, அதற்கு மேல் இன்னொரு நீட்டிப்பு.

அதன் விலையைப் பணத்தால் மட்டும் அளக்க முடியாது. இந்தியா வாங்கிய மிக் வகை விமானங்கள் 872-ல், 2012 ஏப்ரல் வரை 482 விபத்தில் போயிருந்தன; 171 விமானிகளும் 39 பொதுமக்களும் உயிரிழந்திருந்தனர். அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி மாநிலங்களவையில் சொன்ன கணக்கு இது. எல்லா விபத்துக்கும் விமானத்தின் வயது காரணம் அல்ல. மனிதத் தவறு, பறவை மோதல், பயிற்சிக் குறை எல்லாம் உண்டு. ஆனால் 'மாற்று வரட்டும், அதுவரை ஓட்டுவோம்' என்ற முடிவு ஒவ்வொரு முறையும் டெல்லியில் ஒரு மேஜையில் எடுக்கப்பட்டு, அதன் ஆபத்து இருபத்தைந்து வயது விமானி ஒருவரின் தோளில் ஏறியது என்பதை மறுக்க முடியாது.

2025 செப்டம்பர் 26-ல், சண்டிகரில் மிக்-21 கடைசியாக விடைபெற்றது. அத்தோடு இந்திய விமானப்படையின் போர் ஸ்குவாட்ரன்கள் 29 ஆகக் குறைந்தன. அரசு அனுமதித்த எண்ணிக்கை 42. ஒரு ஸ்குவாட்ரனுக்கு 16 முதல் 18 விமானங்கள் என்றால், பற்றாக்குறை 200-க்கும் மேல்.

மாற்று என்ன ஆனது? 2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு ஒப்பந்தம். 2024-ல் முதல் விமானம் வந்திருக்க வேண்டும். ஆனால் அமெரிக்காவின் ஜிஇ நிறுவனம் தர வேண்டிய எஃப்-404 என்ஜின்களே தாமதமாகி, முதல் என்ஜின் 2025 மார்ச்சில்தான் வந்தது. மிக்-21 விடைபெற்ற நாளில் ஒரு மார்க்-1ஏ கூட விமானப்படையின் கைக்கு வரவில்லை. அதற்கு முந்தைய நாள்தான் மேலும் 97 மார்க்-1ஏ வாங்க சுமார் 62,370 கோடிக்கு இன்னொரு ஒப்பந்தம் கையெழுத்தானது.

தாமதம் என்ஜினால் மட்டும் அல்ல. மென்பொருள், ஆயுதச் சோதனை, எச்ஏஎல்-லின் உற்பத்தி வேகம் எல்லாம் பங்காளிகள். 2025 பிப்ரவரியில் பெங்களூரு விமானக் கண்காட்சியில் விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங் எச்ஏஎல் மீது நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகவே அதிருப்தி தெரிவித்தது பெரிய செய்தியானது.

இடையில் இழப்புகளையும் ஈடுகட்ட வேண்டும். விபத்தில் போன சுகோய்களுக்குப் பதிலாக 12 சுகோய்-30எம்கேஐ வாங்க 2024 டிசம்பரில் சுமார் 13,500 கோடிக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. ஜாகுவார் விஷயத்தில் நிலைமை இன்னும் விசித்திரம். உலகில் இப்போது அதை ஓட்டும் ஒரே விமானப்படை நம்முடையது. உதிரி பாகத்துக்காகப் பிரான்ஸ், ஓமன் போன்ற நாடுகள் கழித்துப்போட்ட ஜாகுவார்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஹாசிமாராவுக்கும் தஞ்சாவூருக்கும் என்ன சம்பந்தம்?

விமானங்கள் போனாலும் ஸ்குவாட்ரன் எண்கள் சாவதில்லை. விமானம் இல்லாத ஸ்குவாட்ரனை 'நம்பர் பிளேட்' செய்து வைப்பார்கள். அதாவது பெயரும் கொடியும் வரலாறும் பத்திரமாக உள்ளே; ஆளும் விமானமும் வேறு இடத்துக்கு. புது விமானம் வந்ததும் அந்த எண் மறுபடி உயிர்பெறும்.

ஹாசிமாராவில் மிக்-27 ஓட்டிய 222-வது ஸ்குவாட்ரன், 'டைகர்ஷார்க்ஸ்', 2020 ஜனவரியில் உயிர்பெற்றது தஞ்சாவூரில். விமானம், பிரம்மோஸ் ஏவுகணை சுமக்கும் சுகோய்-30எம்கேஐ. தென்னிந்தியாவில் சுகோய்க்கு அதுதான் முதல் ஸ்குவாட்ரன். ஹாசிமாராவில் அதன் கவலை வடக்கு மலைகள். தஞ்சாவூரில் அதன் கவலை இந்தியப் பெருங்கடல்.

அதே மாதிரி, மிக்-27 ஓட்டிய 18-வது ஸ்குவாட்ரன் 2016 ஏப்ரலில் நம்பர் பிளேட் ஆகி, 2020-ல் கோவை பக்கத்துச் சூலூரில் தேஜஸோடு மீண்டது. தரைத் தாக்குதல் விமானத்துக்குப் பதில் பல வேலை செய்யும் இலகு ரக விமானம், எல்லைக்குப் பதில் தெற்கு. அப்படியே ஒன்றுக்கு ஒன்று மாற்றுவது அரிது என்பதற்கு இவை உதாரணம். எந்த விமானத்துக்குப் பதில் எது என்பதைவிட, எந்த வேலைக்கு இப்போது எது என்பதுதான் சரியான கேள்வி.

மத்த நாடுகள் என்ன செய்யுறாங்க?

வங்கதேசம்: கொல்கத்தாவுக்குப் பக்கத்து வீடு. அங்கே இருக்கும் எஃப்-7, மிக்-21-ன் சீன வடிவம். நாம் மிக்-21-க்கு விடைகொடுக்க இரண்டு மாதம் இருந்தபோது, 2025 ஜூலை 21-ல், பயிற்சியில் இருந்த எஃப்-7பிஜிஐ ஒன்று டாக்கா உத்தராவில் மைல்ஸ்டோன் பள்ளி வளாகத்தில் விழுந்தது. 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர், பெரும்பாலும் குழந்தைகள். அந்த விமானம் ஒன்றும் அறுபதுகளில் வாங்கியது அல்ல. 2013 வரை சீனா தயாரித்துத் தந்த கடைசித் தொகுதி. தயாரிப்பு புதுசா இருக்கலாம், வடிவமைப்பு பழசுதான். அந்த ஆண்டு டிசம்பரில் யூரோஃபைட்டர் டைஃபூனுக்காக இத்தாலியின் லியோனார்டோவோடு விருப்பக் கடிதம் ஒன்றில் அந்நாடு கையெழுத்திட்டது. விருப்பக் கடிதம் என்பது ஒப்பந்தம் அல்ல என்பதை மேலே பார்த்த ரஃபேல் கதையோடு சேர்த்துப் படியுங்கள்.

இலங்கை: ஹாசிமாராவில் இருந்த அதே மிக்-27 ரகத்தை உள்நாட்டுப் போரின்போது இலங்கையும் பயன்படுத்தியது. 2000-ல் உக்ரைனில் இருந்து முதலில் வாங்கியது. 2006-ல் மேலும் நான்கு வாங்கிய ஒப்பந்தம், பணம் யாருக்குப் போனது என்ற கேள்வியால் பெரிய ஊழல் சர்ச்சையாகி ஆண்டுக்கணக்கில் விசாரணையில் இழுத்தது. கைமாறிய பழைய விமானம் மலிவாக இருக்கலாம். ஆனால் சந்தை விலை என்று ஒன்று இல்லாத பொருளில் இடைத்தரகருக்கு இடம் அதிகம்.

குரோஷியா: மிக்-21-க்கு மாற்றாக இஸ்ரேலிடம் பழைய எஃப்-16 வாங்க 2018-ல் முடிவு செய்தது. இஸ்ரேல் தன் சொந்தக் கருவிகளைப் பொருத்தி மேம்படுத்திய வேரியன்ட் அது. "நாங்கள் விற்றபோது இருந்த நிலைக்குத் திருப்பினால்தான் விற்கலாம்" என்று அமெரிக்கா தடுத்தது. ஒப்பந்தம் கவிழ்ந்தது. பிறகு 2021-ல் பிரான்ஸிடம் பயன்படுத்திய 12 ரஃபேல்களை வாங்கியது. காசு கொடுத்து வாங்கின பொருளை விற்கக்கூட, செய்தவரின் அனுமதி வேண்டும் என்பது ஆயுதச் சந்தையின் சட்டம்.

சிங்கப்பூர்: நகரம் அளவே உள்ள நாடு. பறந்து பழக வானமே போதாது. அதனால் அதன் எஃப்-16 விமானங்கள் இந்தியாவுடனான ஒப்பந்தப்படி கலைகுண்டாவில் வந்து பயிற்சி செய்திருக்கின்றன. அந்த எஃப்-16கள் 2030-களின் நடுவில்தான் ஓய்வுபெறத் தொடங்கும். ஆனால் மாற்றாக எஃப்-35 வாங்கும் முடிவை 2019-லேயே அறிவித்து, முதலில் சிறு எண்ணிக்கை, பிறகு கூடுதல் என்று படிப்படியாக ஆர்டர் செய்தது. பழசு போவதற்குப் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே புதுசின் வேலை தொடங்கிவிட்டது. கலைகுண்டாவின் ஓடுபாதையில் நின்று பார்த்தால் தெரியும் பெரிய வித்தியாசம் இதுதான்.

எல்லாமே இந்தியாவில் தாமதம்தானா?

இல்லை. சரக்கு விமானங்களில் கதை கொஞ்சம் நன்றாகவே இருக்கிறது. பானாகரின் சி-130ஜே ஆறு, 2017-ல் இருந்து அங்கே இயங்குகின்றன. 1960-களின் ஆவ்ரோ விமானங்களுக்கு மாற்றாக 56 சி-295 வாங்க 2021 செப்டம்பரில் சுமார் 21,935 கோடிக்கு ஒப்பந்தம். 16 ஸ்பெயினில் இருந்து, 40 வதோதராவில் டாடா ஆலையில். ஸ்பெயினில் இருந்து வர வேண்டிய 16-ம் 2025 ஆகஸ்டுக்குள் வந்துவிட்டன.

ஏன் இங்கே வேகம்? சரக்கு விமானத்தில் மர்மத் தொழில்நுட்பம் குறைவு. உலகம் முழுக்க ஓடும் ரகம். எங்கே எத்தனை தயாரிப்பது, யார் தயாரிப்பது என்பது ஒப்பந்தத்திலேயே தெளிவு. 126 ரஃபேல் பேச்சுவார்த்தை உடைந்தது சரியாக இந்த இடத்தில்தான் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்த தலைப்புச் செய்தியை எப்படிப் படிக்கணும்?

இனி வரும் ஆண்டுகளில் இப்படிச் செய்திகள் நிறைய வரும். கூடுதல் ரஃபேல், தேஜஸ் மார்க்-2, 2024 மார்ச்சில் சுமார் 15,000 கோடி வடிவமைப்புச் செலவுக்கு ஒப்புதல் பெற்ற ஐந்தாம் தலைமுறை விமானமான ஆம்கா என்று வரிசை நீளமானது. எல்லாம் நம் வரிப்பணம். படிக்கும்போது நான்கு கேள்விகள் போதும்.

ஒன்று, இது எந்தக் கட்டம்? தேவை ஏற்பா, பேச்சுவார்த்தையா, கையெழுத்தா, கைக்கு வந்ததா?

இரண்டு, எந்த வேரியன்ட்? விலையில் எதெல்லாம் அடக்கம்?

மூன்று, என்ஜின் யாருடையது, உதிரி பாகம் யாரிடம் இருந்து? அந்த நாட்டோடு நமக்கு மனக்கசப்பு வந்தால் என்ன ஆகும்?

நான்கு, இது வரும் வரை அந்த வேலையை எந்த விமானம் செய்யும், அதன் வயது என்ன?

கடைசிக் கேள்வியைத்தான் செய்திகள் அதிகம் கேட்பதில்லை. ஹாசிமாராவில் 2017 இறுதிக்கும் 2021 ஜூலைக்கும் நடுவே இருந்த மூன்றரை ஆண்டுகளை மற்ற தளங்களில் இருந்து வந்துபோன விமானங்கள் பார்த்துக்கொண்டன. அதிர்ஷ்டவசமாக அங்கே பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 29-க்கும் 42-க்கும் நடுவே இருக்கும் 13 ஸ்குவாட்ரன்களின் இடைவெளியையும் இப்போதைக்கு யாரோ, எங்கிருந்தோ வந்து நிரப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.